நல்லாருக்கேன் டாக்டர்

தென்றல் மெடிசின் பிராக்டிகலில் ஃபெயிலான கதை வல்லக்கோட்டையில் பால் பாக்கெட் போடுகிறவருக்குக்கூடத் தெரியும். தெரிய வைத்தது வேறு யாரும் இல்லை, அவளைப் பெற்ற சுந்தராம்பாள்தான். ரிசல்ட் வருவதற்கு முன்னாலேயே ‘டாக்டர் த. தென்றல், எம்.பி.பி.எஸ்.’ என்று பித்தளையில் பெயர்ப்பலகை செய்யச் சொல்லி, வாங்கி வந்து, தெரு முழுக்கக் காட்டிவிட்டாள். அப்புறம் அதைத் துண்டில் சுற்றி பீரோவுக்குள் பட்டுப்புடவைகளுக்கு அடியில் திணிக்க வேண்டியதாயிற்று. பீரோவைத் திறந்து எதை இழுத்தாலும் பலகை ‘டங்’ என்று இடிக்கும். அந்தச் சத்தம் காதில் விழுந்தால் தென்றலுக்குச் சோறு இறங்காது.

ஃபெயிலான விதமாவது கௌரவமாக இருந்ததா என்றால், அதுவும் கிடையாது. டாக்டர் பரீட்சையில் நிஜமான நோயாளி ஒருவரை முன்னால் உட்கார வைத்துவிடுவார்கள். அவருக்கு என்ன பண்ணுகிறது என்று கேட்டு, தொட்டுப் பார்த்து, தட்டிப் பார்த்து, இன்ன நோய் என்று கண்டுபிடித்து, பரீட்சை வைக்கிற பெரிய டாக்டர்களிடம் சொல்ல வேண்டும். தென்றலுக்குக் கிடைத்தவர் ஒரு கம்பெனி வாட்ச்மேன். இவள் மனப்பாடம் செய்த கேள்விகளை எக்ஸ்பிரஸ் வண்டி மாதிரி விட்டாள். இருமல் உண்டா? இல்லை. சளி? இல்லை. காய்ச்சல்? இல்லை. உடம்பு இளைத்ததா? இல்லைம்மா, நல்லாத்தான் கீறேன். சரி என்று நம்பி, “இவருக்கு இருமல் இல்லை சார்” என்று அடித்துச் சொன்னாள். ஸ்டெதஸ்கோப்போடு குனிந்த பெரிய டாக்டரின் முகத்திலேயே வாட்ச்மேன் குலுங்கக் குலுங்க இருமினார். பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, “இது இருமல் இல்லன்னா, எனக்கு வாழ்த்துச் சொல்றாராம்மா?” என்று கேட்டார். அவ்வளவுதான், கதை முடிந்தது.

அது 2012 பிப்ரவரி. கூடப் படித்தவர்கள் எல்லாம் ஹவுஸ் சர்ஜனாகி வார்டுக்குள் கையை வீசிக்கொண்டு போக, இவள் மட்டும் அதே புத்தகத்தைத் திரும்பவும் முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். ஆகஸ்டில் மறுபரீட்சை. அதிலும் கோட்டை விட்டால் இன்னும் ஆறு மாதம். எழுத்துப் பரீட்சை அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நோயாளி என்று ஒரு மனிதர் முன்னால் வந்து உட்கார்ந்தால்தான் உள்ளங்கை வேர்த்துவிடுகிறது. அந்த வாட்ச்மேன் வேண்டுமென்றே தன்னைக் கவிழ்த்துவிட்டார் என்று அவள் மாதக்கணக்கில் கறுவிக்கொண்டிருந்தாள்.

சுந்தராம்பாள்தான் வழி கண்டுபிடித்தாள். வீட்டுக்குப் பின்னாலும் மாடியிலும் வரிசையாக ரூம் கட்டி, ஒரகடத்துக் கம்பெனிகளில் வேலை பார்க்கும் தெற்கத்திப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். அத்தனை பேரையும் ஞாயிற்றுக்கிழமை நோயாளியாக உட்கார வைத்து மகளுக்குப் பழக்கிவிடுவது என்று முடிவு செய்தாள். கூலி, ஆளுக்கு ஒரு தட்டு மட்டன் பிரியாணி. செய்தி மாடி ஏறியதுதான் தாமதம், டூட்டி இருக்கிறவன்கூட ஷிப்ட்டை மாற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

பொறுப்பை எடுத்துக்கொண்டவன் காசிராஜன். சங்கரன்கோவில் பக்கத்துக்காரன், உதிரிபாகக் கம்பெனியில் வெல்டிங். பேச்சில் மன்னன். எங்கள் ரூமில் நோவுக்கா பஞ்சம் என்று மார் தட்டினான். அவன் மாடி இறங்கி வருகிறபோது கையை வீசிக்கொண்டு மந்திரி மாதிரி வருவான், ரூம்மேட் சக்திகுமார் பின்னால் தண்ணீர் கேனைத் தோளில் சுமந்து திணறுவான். அதைப் பார்த்தால் சுந்தராம்பாளுக்குப் பற்றிக்கொண்டு வரும். மகராசன் ஊரில் ஜமீனோ என்று முணுமுணுப்பாள்.

முதல் ஞாயிறு, தென்றல் இஸ்திரி போட்ட வெள்ளைக் கோட்டை மாட்டி, ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தாள். எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. யாருக்கு என்ன நோய் என்று முன்னாலேயே சொல்லிக் கொடுத்திருந்தாள். காசிராஜனுக்குக் காசநோய், சாயங்காலக் காய்ச்சல், விடாத இருமல். சக்திகுமாருக்கு வயிற்றுப்புண். மாடியில் கடைசி ரூமில் இருக்கும் தங்கமாரிக்கு ரத்தசோகை, கால் வீக்கம். எல்லாரும் நன்றாகத் தலையாட்டினார்கள்.

காசிராஜன் வந்து உட்கார்ந்தான். “சொல்லுங்க, இன்னா பண்ணுது?” என்றாள் தென்றல்.

அவன் முதுகை நிமிர்த்தி, இரண்டு கையையும் தொடைமேல் வைத்து, நேரே பார்த்துச் சொன்னான்: “ஒண்ணும் இல்ல டாக்டர். நல்லாருக்கேன்.”

விளையாடுகிறான் என்று நினைத்தாள். இருமல் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லையாம். காய்ச்சல்? வெயிலில் வந்தானாம், வேறொன்றும் இல்லையாம். அடுத்து சக்திகுமார். அவன் வயிறு கல்லைத் தின்றாலும் செரித்துவிடுமாம். தங்கமாரியிடம் கால் வீங்குகிறதா என்று கேட்டால், நாற்காலிக்கு அடியில் காலை இழுத்துக்கொண்டு, இல்லவே இல்லை டாக்டர் என்றாள். காசநோய்க்காரன், புண் வயிற்றுக்காரன், ரத்தமில்லாதவள் மூவரும் தேக்கு மரம் மாதிரி இருந்தார்கள். பிரியாணி தம்மில் இருந்தது. சுந்தராம்பாள் கரண்டியோடு வெளியே வந்துவிட்டாள்.

“நோவு சொல்றதுக்குத்தானே கறி வாங்கினு வந்தேன்? ஆளாளுக்கு நல்லாக்கீறேன் நல்லாக்கீறேன்னா, நான் இன்னா கல்யாண விருந்தா போடறேன்?”

காசிராஜனுக்கே வெட்கமாகிவிட்டது. தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான். “வேணும்னு செய்யல ஓனரம்மா. வெள்ளக் கோட்டப் பாத்தா நாக்கு தன்னால நல்லாருக்கேன்னு சொல்லிருது. வேலைக்கு எடுக்கும்போது மெடிக்கல் வைப்பாங்கல்லா, வேன்லயே கான்ட்ராக்ட்காரர் பாடம் சொல்லிக் குடுத்துருவாரு. என்ன கேட்டாலும் இல்லைன்னு சொல்லு, இல்லைன்னா உள்ள, இருக்குன்னா ஊருக்கு. எங்க கூட வந்த ஒரு பய முதுகு எப்பயாச்சும் வலிக்கும்னு வாய விட்டுட்டான். அன்னைக்கே பஸ் ஏத்தி விட்டுட்டாங்க.”

அதற்கப்புறம் வருஷா வருஷம் ஒரு செக்கப், அதற்கும் அதே பாடம். ‘நல்லாருக்கேன் டாக்டர்’ என்பது இவர்களுக்குக் கம்பெனி கேட்டைத் திறக்கிற கார்டு மாதிரி ஆகிவிட்டிருந்தது. தென்றலுக்கு அந்த வாட்ச்மேன் நினைவுக்கு வந்தார். அடப்பாவமே, அந்த மனுஷனும் வேலை போய்விடுமே என்றுதான் இருமலை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாரா? அவரைப் போய் அத்தனை மாதம் திட்டிக்கொண்டிருந்தோமே என்று அவளுக்கு ஒரு மாதிரி இருந்தது.

புரிந்தது சரி, பரீட்சைக்கு அது எப்படி உதவும்? கோட்டைக் கழற்றிவிட்டுப் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பிரியாணியை மட்டும் வீணாக்க முடியாது என்று எல்லாருக்கும் இலை போட்டார்கள். கோட்டைக் கொடியில் மாட்டிவிட்டு தென்றல் தயிர்ப்பச்சடி பரிமாறிக்கொண்டு வந்தாள். பந்தியில் பேச்சு களைகட்டியிருந்தது. தங்கமாரி பக்கத்தில் இருந்தவளிடம் கம்பெனி அசெம்ப்ளி லைன் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கூத்தாடி, நின்றுகொண்டு செய்கிற வேலையிலிருந்து உட்கார்ந்து செய்கிற பெஞ்சுக்கு மாறிவிட்டாளாம். ஏன் மாறினாய், அங்கே ஓ.டி., ஓவர்டைம் காசு அதிகம் கிடைக்குமே என்று அவள் கேட்க, “என்னத்த ஓ.டி. ஷிப்ட்டு முடியையில செருப்பு மாட்ட முடியல, காலு அப்படி உப்புது” என்றாள் தங்கமாரி, எலும்பை உறிஞ்சிக்கொண்டே.

தென்றல் பச்சடிக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். இவளைத்தானே கொஞ்ச நேரத்துக்கு முன்னால் கால் வீங்குகிறதா என்று கேட்டாள்? இல்லவே இல்லை என்றாளே? நோயைக் கேட்டால் வாய் பூட்டிக்கொள்கிறது. ஆனால் நோய்க்காக எதை மாற்றிக்கொண்டார்கள் என்பதை ஊர்க்கதை மாதிரி தாராளமாகச் சொல்கிறார்கள். லைனில் எந்த இடத்துக்கு மாறினாய், மேல்மாடி ரூமை ஏன் விட்டாய், மெஸ்ஸில் எதை ஒதுக்குகிறாய் என்று கேட்டால், அதற்கு ‘நல்லாருக்கேன்’ என்பது பதிலே இல்லை. அதைப் பற்றி எந்தக் கான்ட்ராக்டரும் பாடம் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. விவரம் தெரிந்த நாளாக வாடகைக்காரர்களோடு வளர்ந்தவள் அவள். அவர்கள் எப்படி எழுகிறார்கள், எப்படிப் படுக்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஐந்து வருஷமாக அதை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுக் காலேஜுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறாள், மண்டு.

அடுத்த ஞாயிறிலிருந்து கோட்டைப் போட்டுக்கொண்டேதான் உட்கார்ந்தாள், கேள்வியைத்தான் மாற்றினாள். அந்த மாதத்தில் சுந்தராம்பாளின் மாடியிலிருந்து நிஜமாகவே ஒரு சொத்தைப்பல், ஒரு கண் மங்கல், ஒரு மூலம் வெளியே வந்தன. மூலம் யாருக்கு என்று இங்கே சொல்வதற்கில்லை, பாவம், அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கமாரிக்கு ரத்தம் டெஸ்ட் செய்து இரும்புச்சத்து மாத்திரை ஆரம்பித்தாயிற்று. காசிராஜன் மட்டும் நோயாளி நாற்காலியில் மறுபடி உட்காரவே இல்லை. ஆள் சேர்க்கிற மேனேஜர் தான்தான் என்று தப்பித்துக்கொண்டே இருந்தான். பரீட்சைக் கவலையில் தென்றலும் அதைக் கவனிக்கவில்லை.

பரீட்சை நாள் வந்தது. சுந்தராம்பாள் காலையிலேயே வல்லக்கோட்டை முருகனிடம் போய், மகள் பாஸானால் புருஷன் தசரதனுக்கு மொட்டை என்று வேண்டிக்கொண்டு வந்துவிட்டாள். கம்பெனி பஸ் ஓட்டிக்கொண்டிருந்த தசரதனுக்கு, தன் தலை பந்தயத்தில் இருப்பதே தெரியாது.

தென்றலுக்குக் கொடுத்த நோயாளியின் பெயர் கண்ணப்பன். சிவகங்கைப் பக்கத்து ஆள், வயது முப்பதுக்குள், ஒரகடத்தில் கான்ட்ராக்ட் வேலை. கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைமேல் வைத்திருந்தார். என்ன பண்ணுகிறது என்று கேட்டாள்.

“ரெண்டு நாளா லேசா மூச்சு வாங்குச்சு மேடம். இப்ப நல்லாருக்கேன்.”

அந்த வார்த்தையைக் கேட்டதும் தென்றலுக்குக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. வாய்யா ராசா, உன்னை எனக்குத் தெரியும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு, எந்த லைன், என்ன வேலை என்று ஆரம்பித்தாள். முன்னால் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தாராம். இப்போது லேபிள் ஒட்டுகிறாராம். ரூம் முதலில் இரண்டாவது மாடி, இப்போது தரைத்தளம். பஸ்ஸிலிருந்து இறங்கி ரூமுக்கு நடக்கும்போது கூட வருகிறவர்கள் முன்னால் போய்விடுவார்களா என்றால், நடுவழியில் டீக்கடையில் நின்று செல்போனை எடுத்துப் பார்ப்பது மாதிரி கொஞ்ச நேரம் நிற்பாராம். எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

“ரூம்ல ராத்திரி உங்க எடம் எதுண்ணா?” என்று கேட்டாள்.

“செவுத்தோரம் மேடம்.”

“முன்னாடியும் அதானா?”

“இல்ல, முன்னாடி நடுவுல, ஃபேனுக்கு நேரா. அப்புறம் ஒரு பையன்கிட்டக் கேட்டு மாத்திக்கிட்டேன். செவுத்துல சாஞ்சாத்தான் தூக்கம் வருது. மட்ட மல்லாக்கப் படுத்தா நெஞ்ச அடைக்குது.”

சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. முகம் மாறிவிட்டது. இதெல்லாம் கம்பெனிக்குப் போகுமா என்று மெதுவாகக் கேட்டார். தென்றல் பொய் சொல்லவில்லை. தான் ஏற்கெனவே ஒருதடவை ஃபெயிலானவள், இது தன்னுடைய பரீட்சை, இங்கே சொல்வது டாக்டர்களைத் தாண்டி எங்கேயும் போகாது என்றாள். இடம் மாற்றி ஒன்றரை வருஷம் ஆகிறது என்று சொல்லிவிட்டு அவர் சட்டையைக் கழற்றினார். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள். முதல் சத்தம் ஓங்கி விழுந்தது, அதற்குப் பின்னால் தூரத்து லாரி மேடேறுவது போல ஒரு தாழ்ந்த உருமல். சின்ன வயசில் பள்ளிக்கூடத்தில் கபடி ஆடியதுண்டா என்று கேட்டாள். ஐந்தாம் வகுப்பில் முட்டி மாற்றி முட்டி வீங்கிப் படுத்ததிலிருந்து ஆடவில்லையாம். ருமாட்டிக் காய்ச்சல் வந்து போயிருக்கிறது. அது இதயத்தின் மைட்ரல் வால்வைச் சுருக்கிவிட்டுப் போயிருக்கிறது. தென்றலுக்கு இனிமேல் சந்தேகம் இல்லை.

பரீட்சை வைக்க வெளியூரிலிருந்து வந்திருந்தவர் டாக்டர் கோதண்டராமன். பையன்கள் அவர் பெயரைச் சொல்லியே ஒருவரை ஒருவர் பயமுறுத்திக்கொள்வார்கள். தென்றல் சொல்வதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒன்றரை வருஷமாக மூச்சிரைப்பு, படுத்தால் அதிகம் என்றதும் கண் திறந்தது.

வார்டில் இவர் ரெண்டே நாள் என்றுதான் சொல்லியிருக்கிறார், உனக்கு மட்டும் ஒன்றரை வருஷமா என்று கேட்டார். நெஞ்சில் உருமலைக் கேட்டுவிட்டு, அதற்குப் பொருத்தமாகப் புத்தகத்தில் இருப்பதையெல்லாம் நோயாளி வாயில் திணிக்கிறாயா, கதை கட்டுகிறவர்களை நான் பாஸ் போடுவதில்லை என்றார். குரலை உயர்த்தவே இல்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. அப்படியே கட்டில் பக்கம் திரும்பினார்.

“ஏம்ப்பா, எவ்வளவு நாளா மூச்சு வாங்குது?”

கண்ணப்பன் பெரிய டாக்டரின் நரைத்த தலையைப் பார்த்தார், வெள்ளைக் கோட்டைப் பார்த்தார். முதுகு தானாக நிமிர்ந்தது.

“ரெண்டு நாள் சார். இப்ப நல்லாருக்கேன்.”

தென்றலுக்குக் காதுக்குள் ‘டங்’ என்று பீரோச் சத்தம் கேட்டது. கோபம் வரவில்லை. இந்த நாக்கைத்தான் அவளுக்குத் தெரியுமே. ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளலாமா சார் என்றாள். கோதண்டராமன் கையைக் காட்டினார்.

“அண்ணா, செவுத்தோரம் எடம் எப்ப மாத்துனீங்க?”

கண்ணப்பன் திரும்பினார். அவள் முகத்தையே பார்த்தார். உள்ளங்கை வேர்த்ததைக் கோட்டில் துடைத்துக்கொண்டிருந்தாள். என்ன நினைத்தாரோ, தொடைமேல் இருந்த கை இரண்டையும் எடுத்துக் கும்பிடுவது போல் சேர்த்துக்கொண்டு பெரிய டாக்டரிடம் சொன்னார்.

“போன வருசம் பொங்கலுக்கு ஊருக்குப் போயிட்டு வந்து சார். அந்தப் புள்ள சொன்னதெல்லாம் சரிதான். ஆனா கம்பெனிக்கு ரெண்டு நாள்தான் சார், அத மட்டும் மாத்திராதீங்க.”

வார்டே சிரித்துவிட்டது. கோதண்டராமன் சிரிக்கவில்லை. கட்டிலில் கண்ணப்பன் பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கை வைத்து, கம்பெனிக்கு ஒன்றும் போகாது, வால்வை பலூன் வைத்துச் சரிபண்ண முடியுமா பார்ப்போம், முடிந்தால் இன்னும் எத்தனையோ வருஷம் வேலை பார்க்கலாம், ஒளித்து வைத்தால்தான் ஆபத்து என்று பொறுமையாகச் சொன்னார். பிறகு தென்றலிடம் திரும்பி, ராத்திரி எந்த இடத்தில் படுக்கிறீர்கள் என்று கேட்கச் சொல்லி எந்தப் புத்தகத்திலம்மா போட்டிருக்கிறது என்றார்.

“புத்தகத்துல இல்ல சார். எங்க வீட்டு மாடியில இவர மாதிரி ஆளுங்கதான் குடியிருக்காங்க.”

அவர் சிரித்தது அதற்குத்தான்.

ரிசல்ட் வந்த அன்று பலகை பட்டுப்புடவைக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. மொட்டைத் தலையில் சந்தனத்தோடு தசரதன் ஸ்டூல் மேல் ஏறி ஆணி அடிக்க, சுந்தராம்பாள் கீழே நின்று இடது பக்கம், வலது பக்கம் என்று உயிரை வாங்கினாள். மறுபடி பிரியாணி. இந்தத் தடவை யாரும் நோயாளியாக நடிக்க வேண்டியதில்லை என்று சொல்லியாயிற்று. போட்டோ எடுக்கவேண்டும் என்று காசிராஜன் அடம்பிடித்ததால் தென்றல் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். செல்போனை அவன் இடது கையில் பிடித்து எடுத்தான். சக்திகுமார் வழக்கம் போல இரண்டு பேருக்கும் சேர்த்துக் கேனைத் தூக்கிக்கொண்டு படி ஏறினான்.

தென்றலுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. வெல்டிங் பண்ணுகிற பையன், வலதுகைக்காரன். பழகுகிற ஞாயிறுகளில் எல்லாரையும் நாற்காலியில் உட்கார வைத்தவன், முதல் நாளுக்கப்புறம் தான் மட்டும் ஏன் உட்காரவே இல்லை?

“இன்னா காசி, ஒடம்பு எப்டிக்கீது?” என்றாள்.

“நமக்கென்னக்கா, நல்லாருக்கேன்” என்றான், கேட்டு முடிப்பதற்குள்.

“சரி. தண்ணிக் கேன எப்பத்திலிருந்து சக்திகுமார் தூக்கறாரு?”

காசிராஜன் மாடிப்படியைப் பார்த்தான். புதுப் பலகையைப் பார்த்தான். சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. அப்புறம் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்து, இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டு, “சித்திரையில இருந்துக்கா” என்றான்.